வீட்டார் இட்ட பெயர்



எங்கள் மருத்துவமனையின் செவிலியர் பள்ளியில் பயின்று, திருமணத்திற்குப் பின் கணவரோடு அமெரிக்கா சென்ற சகோதரி ஒருவர் அவ்வப்போது எங்களுக்குக் கடிதம் எழுதுவார். பண்டிகை வாழ்த்தும், பிள்ளைகளின் படிப்பும், அங்குள்ள வெயிலின் கொடுமையும் அதில் இருக்கும். இவ்வாண்டு வந்த கடிதம் அப்படிப்பட்டதல்ல. ஆறு பக்கம் எழுதியிருந்தார். கடைசி வரியில் ஒரே ஒரு கேள்வி: "ஐயா, நான் எங்கே தவறினேன்?"

அவர் பணிபுரிவது டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே படிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். டெக்ஸாஸின் பல பகுதிகளில் 1, 3, 5, 7 ஆகிய வகுப்புகளில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கும்போதே பிள்ளைகளின் பிடரியையும் பார்த்துக் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. அங்கே தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணியைப்போல் இருந்தால் அதற்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். அது அழுக்கு அல்ல. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிகொடுக்காதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்துவிட்ட அந்த இன்சுலின் தோலின் செல்களைத் தூண்ட, தோல் தடித்துக் கறுக்கிறது. பின்னாளில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். பயத்தமாவு போட்டுத் தேய்க்கச் சொல்லியிருப்பார்கள்.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு அந்தக் கறுப்பு இருந்தது. எடையும் மிக அதிகம். விதிப்படி ஒரு கடிதம் வீட்டுக்குப் போனது. தாய்க்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வழக்கம்போல மகள்தான் அதை ஸ்பானிய மொழியில் வாசித்துச் சொல்லவேண்டும். அவள் என்ன வாசித்தாளோ, தாய் அன்றிரவே எலுமிச்சம்பழமும் சோப்பும் நாருமாக மகளின் கழுத்தைத் தோல் சிவக்கத் தேய்த்திருக்கிறாள். அடுத்த வாரம், கொளுத்துகிற வெயிலில், தலைமூடி வைத்த கனத்த மேற்சட்டையோடு பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

இதைக் கண்டு வருந்திய சகோதரி தாயை வரவழைத்தார். தாயோடு பாட்டியும் வந்தார். மொழிபெயர்க்கச் சிறுமியே நடுவில் நின்றாள். "உங்கள் மகளின் எடை கவலைக்குரியதாக இருக்கிறது" என்று சகோதரி தன்மையாகத்தான் சொன்னாராம். சிறுமி திரும்பித் தாயிடம் ஸ்பானிய மொழியில் சொன்னது இவ்வளவே: "நான் ரொம்பக் குண்டு என்கிறார்." பாட்டி சிரித்துக்கொண்டே பேத்தியின் கன்னத்தை வருடி, "என் கோர்தீட்டா!" என்றார். நம் மொழியில் சொன்னால், என் குண்டுக்கட்டி, என் கொழுக்கட்டை. சிறுமியும் சிரித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுப் போனவள் அரை மணி நேரம் வரவில்லை.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. படுக்கையருகே உட்கார்ந்து கேட்பதே போதகர்களாகிய எங்கள் வேலை. ஆகவே பதில் எழுதுமுன் எங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டும், அவர் கொடுத்த கட்டுரைகளை வாசித்தும் சில வாரங்கள் செலவிட்டோம். அப்படி நாங்கள் கற்றுக்கொண்டதையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

யார் இந்தப் பிள்ளைகள்?

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க அல்லது ஸ்பானிய வம்சாவளியினர் 6 கோடியே 21 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 18.7 பேர். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர், டொமினிக்கன் குடியரசு என்று வேர்கள் பல. அரசு ஆவணங்களில் ஹிஸ்பானிக் என்பார்கள். ஸ்பானிய மொழியில் ஆணை லத்தீனோ என்றும் பெண்ணை லத்தீனா என்றும் சொல்வதால், பால் வேறுபாடு காட்டாத "லத்தீனெக்ஸ்" என்ற சொல்லை இக்காலத்துப் பல்கலைக்கழகத்தார் பலர் வழங்குகிறார்கள். பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, தங்களை அப்படி அழைத்துக்கொள்கிறவர்கள் அந்த மக்களில் நூற்றுக்கு 3 பேர்தான். ஒருவரைப்பற்றி எழுதுகிறவர்கள் வைக்கும் பெயர் ஒன்று, வீட்டில் வழங்கும் பெயர் வேறொன்று. இந்தப் பேச்சுக்கு நாம் மறுபடி வருவோம்.

பருமன் என்று மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள்? பெரியவர்களுக்குப்போல் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே வயதும் ஒரே பாலுமான 100 பிள்ளைகளை, உயரத்திற்கு ஏற்ற எடையின்படி வரிசையாக நிறுத்தினால், 95ஆம் இடத்திலும் அதற்கு மேலும் நிற்கிறவர்கள் பருமனானவர்கள். அப்படியானால் நூற்றுக்கு 5 பேர்தானே இருக்கவேண்டும் என்று கேட்பீர்கள். அந்த வரிசை இன்றைய பிள்ளைகளை வைத்துப் போட்டதல்ல, முந்தைய பல ஆண்டுகளின் அளவுகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அந்தப் பழைய வரிசையில் இன்றைய பிள்ளைகளை நிறுத்திப் பார்த்தபோது, 2017 முதல் 2020 வரையிலான கணக்கின்படி, 2 முதல் 19 வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் நூற்றுக்கு 19.7 பேர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். லத்தீனோ பிள்ளைகளில் 26.2 பேர். வெள்ளையரின் பிள்ளைகளில் 16.6 பேர்.

உடனே அடுப்படியின்மேல் பழி போட நமக்குத் தோன்றும். அவர்கள் வீட்டுச் சாப்பாடே அப்படித்தான் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பானையில் வேகவைத்த அவரை வகை, மக்காச்சோள தோர்த்தியா, தக்காளி, மிளகாய், பூசணி, நொப்பால் என்கிற சப்பாத்திக் கள்ளியின் மடல், இவைதானே மெக்சிகோ கிராமத்தின் பழைய உணவு? இதில் குறை சொல்ல அதிகமில்லை. பாரி பாப்கின், ரிச்சர்டு யூட்ரி என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், வேறு நாட்டில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த லத்தீனோ வளரிளம் பிள்ளைகளைவிட அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்களிடம்தான் பருமன் அதிகம் என்று கண்டார்கள். குடியேறிய பின் வந்து சேர்ந்தவை வேறு: இனிப்புப் பானங்கள், கடையில் வாங்கும் பொரித்த உணவு, இரண்டு வேலைக்குப் போகும் தாய், நடந்து போக வழியில்லாத சாலைகள், பள்ளி விட்டதும் திரைக்கு முன் உட்காருதல். ஊரில் பசியை அறிந்த பாட்டிக்கோ, கொழுகொழுவென்று இருக்கும் பேத்தி பசி தன் வீட்டைவிட்டு ஓடிப்போனதற்குக் கண்கண்ட சாட்சி. அந்த அம்மாளின் சந்தோஷத்தை அறியாமை என்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

குடும்பம் என்ற பெரிய சொல்

லத்தீனோ மக்களைப்பற்றி எழுதுகிற எவரும் "ஃபமிலிஸ்மோ" என்ற சொல்லைச் சொல்லாமல் விடுவதில்லை. குடும்பப் பற்று என்று நாம் அதைச் சொல்லலாம். 1987இல் ஃபாபியோ சபோகால் என்பவரும் உடன் உழைத்தவர்களும் இதை ஆராய்ந்து மூன்று இழைகளாகப் பிரித்தார்கள். வீட்டாருக்கு உதவுவது என் கடமை என்பது ஒன்று. துன்பத்தில் வீட்டார் என்னைத் தாங்குவார்கள் என்ற நம்பிக்கை இன்னொன்று. நான் எப்படி நடக்கவேண்டும், நான் யார் என்பதற்கு வீட்டாரே அளவுகோல் என்பது மூன்றாவது. அமெரிக்காவில் காலூன்றக் காலூன்ற முதலும் மூன்றும் சற்றுத் தளர்ந்தன. வீட்டார் தாங்குவார்கள் என்ற நம்பிக்கையோ அசையாமல் நின்றது. இதோடு "ரெஸ்பெத்தோ" என்ற சொல்லும் சேர்ந்தே வரும். மூத்தோருக்குக் காட்டும் மரியாதை அது. பாட்டி சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது. பாட்டி தட்டில் இட்டால் மீதி வைக்கக்கூடாது. நமக்கு இதை விளக்கவேண்டிய அவசியமே இல்லை.

அந்த மூன்றாவது இழையில்தான் எங்கள் சகோதரியின் கேள்விக்கு விடை இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். வீட்டாரே அளவுகோல் என்றால், அந்தப் பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி குளியலறையில் இல்லை. அது சாப்பாட்டு மேசையில், தாயின் முகத்திலும் பாட்டியின் வாயிலும் இருக்கிறது. தெருவில் யாரோ சொல்லும் கேலி தோலைக் கீறும். வீட்டில் சொல்லும் சொல் அதைவிட ஆழமாகப் போகும். காயம் எவ்வளவு ஆழமாக அந்த வாசல் வழியே போகிறதோ, மருந்தும் அவ்வளவு ஆழமாக அதே வாசல் வழியே போகும்.

தன்மதிப்பை அளப்பதற்கு 1965இல் மோரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர் பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார். என்னிடம் நல்ல குணங்கள் உண்டா, மற்றவர்களுக்குச் சமமாக நான் மதிப்புள்ளவனா என்ற போக்கில் அது கேட்கும். இந்தக் கேள்விகளெல்லாம் "நான்" என்பதைச் சுற்றியே இருப்பதைக் கவனியுங்கள். "என்னால் இந்த வீட்டுக்கு உபயோகம் உண்டா?" என்று அது கேட்பதில்லை. நாங்கள் பார்த்தவரையில் வளரிளம் பிள்ளைகள் பலர் இரவில் விழித்திருந்து கேட்டுக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

பத்து வயதும் பதினான்கு வயதும்

ரிச்சர்டு ஸ்ட்ராஸ் என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எங்களை அதிகம் சிந்திக்கவைத்தது. 9, 10 வயதில் இருந்த சுமார் 1,500 பிள்ளைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் பருமனான பிள்ளைகளின் தன்மதிப்புக்கும் மற்றவர்களின் தன்மதிப்புக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. 13, 14 வயதில் பார்த்தபோதோ, பருமனான லத்தீனா சிறுமிகளிடமும் வெள்ளைச் சிறுமிகளிடமும் அது வெகுவாகச் சரிந்திருந்தது. அப்படிச் சரிந்த பிள்ளைகளிடம் துக்கமும் தனிமையும் பதற்றமும் அதிகம். புகைப்பதும் மது அருந்துவதும்கூட அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டன.

ஆகவே எடை மட்டும் இதைச் செய்யவில்லை. பத்து வயதிலும் அந்த எடை இருந்ததே! இடையிலுள்ள நாலு வருஷத்தில் ஏதோ நடக்கிறது. பூப்பெய்துகிற காலம், பள்ளியில் கூட்டமாகக் கேலி செய்கிற காலம், உடையை ஒப்பிட்டுப் பார்க்கிற காலம். லத்தீனோ வீடுகளில் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறையும்போது கின்சியான்யேரா என்ற கொண்டாட்டம் உண்டு. காலையில் ஆலயத்தில் ஆராதனை, மாலையில் விருந்தும் நடனமும். நம்முடைய மஞ்சள் நீராட்டைப்போலப் பெண் குமரியானதை ஊரறியச் செய்யும் நாள். அதற்கு அந்தப் பெண்ணோடு தோழியர் பலர் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி உடையில் வரிசையாக நடந்து வருவார்கள். எங்கள் சகோதரியின் பள்ளிச் சிறுமி தன் பெரியம்மா மகளின் விழாவுக்குத் தோழியாகப் பெயர் கொடுத்திருந்தாள். கடைக்காரர் ஒவ்வொருத்தியின் இடுப்பளவையும் உரக்கச் சொல்ல, இன்னொருத்தி எழுதிக்கொண்டாளாம். அதற்குப் பிறகு, காய்ச்சல் என்று சொல்லி அவள் ஒத்திகைக்குப் போகவில்லை.

மிக அதிகப் பருமனுள்ள பிள்ளைகளின் அன்றாட வாழ்வு எப்படியிருக்கிறது என்று சான் டியேகோ நகரில் ஜெஃப்ரி ஷ்விம்மர் என்ற மருத்துவரும் மற்றவர்களும் 106 பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் கேட்டு 2003இல் வெளியிட்டார்கள். நடமாட்டம், பள்ளி, நண்பர்கள், மனநிலை எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பிள்ளைகள் தங்கள் வாழ்வுக்குக் கொடுத்த மதிப்பெண், புற்றுநோய் கண்ட பிள்ளைகள் கொடுத்த மதிப்பெண்ணைப்போலவே இருந்தது. எங்கள் மருத்துவமனையில் புற்றுநோய் கண்ட பிள்ளையின் கட்டிலருகே போகும்போது நாங்கள் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறோம்! பருமனான பிள்ளையிடமோ, உண்மையைச் சொல்லிவிடுகிறோம், எங்களில் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வார்டில் பதினாறு வயதுப் பையனிடம், "என்னப்பா, கட்டில் தாங்குதா?" என்று விளையாட்டாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், பையனும் சிரித்தான். மறுநாள் நாங்கள் ஜெபிக்கப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்று எங்களுக்குப் புரியவில்லை. டெக்ஸாஸ் கடிதத்தை வாசித்தபோதுதான் அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது.

கோர்தீட்டா

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். ஸ்பானிய மொழியில் கோர்தோ என்றால் பருத்தவன். அதன் கடைசியில் "ஈட்டோ", "ஈட்டா" சேர்த்தால் கொஞ்சும் சொல்லாகிவிடும். கணவனை மனைவி அப்படி அழைப்பாள், ஒல்லியான குழந்தையையும் அப்படி அழைப்பதுண்டு. மெலிந்தவரை ஃப்ளாக்கோ என்பார்கள், கறுத்தவரை நெக்ரீட்டோ என்பார்கள். அதில் இழிவு இல்லை என்று பெரியவர்கள் ஆணையிட்டுச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பாட்டியின் வாயில் அது முத்தம்தான்.

ஆனால் அந்தப் பேத்தி இரண்டு மொழிகளில் வாழ்கிறாள். பள்ளி நடைவழியில் அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை அவள்மேல் கல்லைப்போல் எறிகிறார்கள். பகலெல்லாம் அந்தக் கல்லை வாங்கிக்கொண்டு மாலையில் வீட்டுக்கு வருகிறவளுக்கு, வாசலில் பாட்டி கொடுக்கும் முத்தமும் அதே எழுத்துக்களால் ஆனதாக இருக்கிறது. பள்ளியில் சொன்னது பொய் என்று சொல்லவேண்டிய ஒரே வாய் அதையே அன்போடு திருப்பிச் சொல்கிறது. மரியாதை காரணமாக, "பாட்டி, அப்படிக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லவும் அவளால் முடியாது. ஆகவே சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கண்டு, பிள்ளை இதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள்.

கொஞ்சல் மட்டுமல்ல, அக்கறையோடு சொல்லும் புத்திமதியும் இப்படித்தான். மினசோட்டா மாநிலத்தில் ஜெரிக்கா பெர்கேயும் மற்றவர்களும் வளரிளம் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் எடையைப்பற்றிப் பேசுகிற வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடப்பதும், பிறகு கட்டுக்கடங்காமல் உண்பதும் போன்ற கெட்ட வழக்கங்கள் அதிகம் காணப்பட்டன. எடையைப்பற்றிப் பேசாமல் நல்ல உணவைப்பற்றி மட்டுமே பேசுகிற வீடுகளில் அவை குறைவு. எது முந்தியது, பேச்சா வழக்கமா, என்று இப்படிப்பட்ட ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் பிதாக்கள் தங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தக்கூடாது என்று எபேசு சபைக்கு எழுதிய நிருபம் ஏன் சொன்னது என்பதை நாங்கள் இப்போது வேறுவிதமாக வாசிக்கிறோம். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கற்பனையைப் பிள்ளைகளுக்கு நாம் எத்தனையோ பிரசங்கங்களில் சொல்லியிருக்கிறோம். அதற்கு இரண்டு வசனம் தள்ளி நிற்கும் இதை அவ்வளவு அடிக்கடி சொல்வதில்லை.

அடுப்படி வழியாக

அமெரிக்க ஆலோசகர்கள் சிலர் இத்தகைய பிள்ளைக்குத் தைரியம் சொல்லும் முறை ஒன்று உண்டு. உன் உடல் உன்னுடையது, வீட்டார் என்ன சொன்னாலும் பொருட்படுத்தாதே, உனக்கென்று எல்லை வகுத்துக்கொள் என்பார்கள். வேறு வீட்டுப் பிள்ளைக்கு அது உதவலாம். வீட்டையே அளவுகோலாகக் கொண்ட பிள்ளையிடம் இதைச் சொல்வது, இருக்கிற ஒரு கம்பையும் பிடுங்கிக்கொண்டு நட என்று சொல்வதற்கு ஒப்பாகும் என்பது எங்கள் எண்ணம்.

பிட்ஸ்பர்க் நகரில் லெனர்டு எப்ஸ்டைன் என்பவர் செய்த வேலையின் பலனை 1990இல் வெளியிட்டார். பருமனான சிறுபிள்ளைகளில் ஒரு பகுதியாரோடு அவர்கள் பெற்றோரையும் சேர்த்துப் பழக்கினார்கள். பெற்றோரும் தங்கள் உணவையும் எடையையும் கவனித்தார்கள். இன்னொரு பகுதியில் பிள்ளையை மட்டும் பழக்கினார்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பெற்றோரோடு சேர்ந்து பழகிய பிள்ளைகளே நல்ல நிலையில் இருந்தார்கள். அவர்கள் லத்தீனோ பிள்ளைகள் அல்ல. பாடம் என்னவோ அவர்களுக்கே எழுதியதுபோல் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும் குடும்பத்தையே மையமாக வைக்கிறது. மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேரம் பிள்ளையையும் வீட்டாரையும் நேரில் சந்தித்துப் பழக்கவேண்டும் என்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்துகளையும் அது ஒதுக்கவில்லை. செமாகுளூட்டைடு என்ற ஊசிமருந்துக்கு 2022 டிசம்பரில் அந்த வயதினருக்கும் அனுமதி கிடைத்தது. தேவையானவர்களுக்கு மருந்து கொடுக்கப்படவேண்டும், அதைக் குறித்து வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 26 மணி நேரம் என்பது, ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் தாய்க்கு எவ்வளவு என்று வழிகாட்டி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ!

இனி அந்த "உபயோகம்" என்ற கேள்வி. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஈவா டெல்சர், ஆண்ட்ரூ ஃபுலிக்னி என்ற இருவர் பல இனத்து உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் செய்து 2009இல் வெளியிட்டதை வாசித்து மகிழ்ந்தோம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, பெற்றோரின் காரியங்களுக்கு உதவுவது ஆகியவை பிள்ளைகளுக்குப் பாரமாகி அவர்களை வாட்டும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி இல்லை. வீட்டுக்கு உதவிய நாட்களில் அவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள், நான் நல்ல மகள், நல்ல மகன் என்ற நிறைவுதான் அதற்குக் காரணம் என்று கண்டார்கள்.

ஆகவே சகோதரிக்கு நாங்கள் எழுதிய பதிலில் முதலாவது சொன்னது: நீங்கள் கறுப்பைக் கண்டுபிடித்ததில் தவறில்லை, அது பெரிய நன்மை. தவறு அந்தச் செய்தியை அவள் வாயால் சொல்ல வைத்ததில்தான். வீட்டுக்கு உதவுவதில் அவளுக்கு இருந்த பெருமையே மொழிபெயர்ப்பு. அந்தப் பெருமையைக் கொண்டே அவளை அவமானப்படுத்திவிட்டோம். அவசர நிலை தவிர மற்ற வேளைகளில் வயதுவராத பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக்கூடாது என்று 2016இல் வந்த மத்திய அரசின் விதி அந்நாட்டு மருத்துவமனைகளுக்குச் சொன்னது. பள்ளி செவிலியர் அறையிலும் அதைக் கடைப்பிடித்தால் என்ன? இரண்டாவது, அடுத்த முறை எடை என்ற சொல்லையே எடுக்காமல் இன்சுலினைப்பற்றியும் பிடரியைப்பற்றியும் பேசுங்கள், தேய்த்தால் போகாது என்பதைத் தாய்க்குச் சொல்லுங்கள். மூன்றாவதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதினோம்: பாட்டிக்குப் புத்தி சொல்லாதீர்கள், பாட்டியிடம் கேளுங்கள்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஸ்பானிய மொழி பேசும் உடன் ஊழியர் ஒருவர் மொழிபெயர்க்க, சிறுமி தாயின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். சகோதரி பாட்டியிடம், சிறுவயதில் உங்கள் கிராமத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். பாட்டி ஒரு மணி நேரம் பேசினார். மண்பானையில் அவரை வேகும். கொழுப்பில் வறுத்து மசிப்பது கலியாண வீட்டில் மட்டும். நொப்பால் மடலின் முள்ளைக் கத்தியால் சீவி எடுக்க ஏழு வயதிலேயே தெரியுமாம். குடிக்கத் தண்ணீர், பண்டிகைக்கு மட்டும் செம்பருத்தி வகைப் பூவை ஊறவைத்த ஹமைக்கா பானம். இப்போது வீட்டில் அது தினமும் இருக்கிறது, ஒரு குடத்துக்கு இரண்டு கோப்பைச் சர்க்கரையோடு. பேத்தி இதில் ஒன்றையும் அதற்குமுன் கேட்டதில்லை. அமெரிக்காவில் பிறந்தவளுக்கு யார் சொல்வார்கள்?

பாட்டிக்கும் சர்க்கரை நோய் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. மாத்திரையை ஒழுங்காக எடுப்பதில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சிறுமியிடம் கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் பானத்துக்குச் சர்க்கரை அளந்து போடுவதும் அவள் பொறுப்பு. இரண்டு கோப்பை ஒன்றரையாகி, ஒன்றாகி, இப்போது அரைக் கோப்பையில் நிற்கிறது. தகப்பனார் முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தாராம். சனிக்கிழமை மாலைகளில் பாட்டியும் பேத்தியும் ஆலயம்வரை நடந்து போய் வருகிறார்கள். பாட்டியின் காலுக்கு நடை நல்லது என்று மருத்துவர் சொன்னதால் பேத்தி துணைக்குப் போகிறாள்.

பெயரைக் குறித்தும் சகோதரி எழுதியிருந்தார். பாட்டியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் நடந்து போகும்போது பேத்தியே, பள்ளியில் தன்னை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதைச் சொல்லியிருக்கிறாள். பாட்டி ஒன்றும் பேசாமல் கொஞ்ச தூரம் நடந்தாராம். இப்போது அவளை ஞானஸ்நானப் பெயரால் அழைக்கிறார். மறந்துபோய் நாவில் பழைய பெயர் பாதி வந்துவிட்டால், வாயை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொள்கிறாராம்.

பிடரியின் கறுப்பு இன்னும் இருக்கிறது. அது மங்கினாலும் மெதுவாகத்தான் மங்கும். எடை எவ்வளவு என்று சகோதரி எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரியம்மா மகளின் கின்சியான்யேரா நவம்பரில் வருகிறது. தோழியரின் உடை பச்சை நிறமாம், இவளுடையதைத் தாயே வீட்டில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.